பக்கத்தில் ஒருத்தி

"அம்மாவ உள்ளுக்க விடுவாங்களா மிஸ்?"

கிளினிக்கில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. திருகோணமலை மாவட்டத்தில் தோப்பூர், கிளிவெட்டி, கட்டைபறிச்சான், கிண்ணியா என்று குடும்ப நல உத்தியோகத்தராக, அதாவது மிட்வைஃபாக, நான் வேலை செய்த இடமெல்லாம் தலைப்பிள்ளைக்காரிகள் இதைத்தான் கேட்டார்கள். நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எச் 512 என்ற கர்ப்பப் பதிவு அட்டையில் எழுதி முடித்து, திரிபோஷாச் சத்துமாப் பைக்கற்றையும் கையில் கொடுத்த பிறகு, எழும்பிப் போகப் போனவள் திரும்பி நின்று மெல்லிய குரலில் கேட்பாள். முஸ்லிம் பிள்ளை என்றால் "உம்மாவ" என்பாள், இல்லாவிட்டால் "ராத்தாவ". பிரசவக் குத்து எவ்வளவு நோகும் என்று கேட்டவர்களை விட, அந்த நேரம் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டவர்கள்தான் கூட.

"அது பிரசவ வாட்டைப் பொறுத்தது மகள்" என்பதுதான் என்னால் சொல்லக்கூடியதாக இருந்த பதில். சில இடங்களில் விடுவார்கள். சில இடங்களில் பகலில் விடுவார்கள், இரவில் விடமாட்டார்கள். வேறு சில இடங்களில் பொறுப்பாக நிற்கும் ஆள் மாறினால் வழக்கமும் மாறிவிடும். ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிள்ளைப்பேறு பற்றி உலகத்தில் ஆராய்ந்து பார்த்த எத்தனையோ விஷயங்களில், தெளிவான விடை கிடைத்த சிலவற்றில் இதுவும் ஒன்று என்பதால்தான் அது என்னை இன்னும் குடைகிறது.

2017இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. பிரசவ நேரம் முழுவதும் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் ஒருவர் விடாமல் இருந்தால் என்ன நடக்கிறது என்று 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை அது ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 15,000க்கு மேற்பட்ட பெண்கள். இந்த ஆய்வுகள் எப்படி நடந்தன என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் "ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க" என்று யாரும் எதையும் சொல்லிவிடுகிற காலம் இது. துணையோடு பெற்றவர்களையும் துணையில்லாமல் பெற்றவர்களையும் சும்மா ஒப்பிட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். துணைக்கு ஆள் கொண்டுவரக்கூடிய வீடு கொஞ்சம் வசதியான வீடாக இருக்கும். அந்தப் பெண் நன்றாகச் சாப்பிட்டிருப்பாள், கிளினிக்கைத் தவறவிட்டிருக்கமாட்டாள். அதனால் யாருக்குத் துணை, யாருக்கு வழமையான கவனிப்பு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். டொக்டரும் தெரிவு செய்வதில்லை, தாயும் தெரிவு செய்வதில்லை. அப்படிப் பிரித்தபின் இரண்டு பக்கத்துக்கும் வரும் வித்தியாசத்தைத் துணையின் கணக்கில் எழுதலாம்.

வித்தியாசம் வந்தது. துணை இருந்தவர்களில் கூடுதலானோர் ஆயுதம் போடாமல், சீசர் என்ற சத்திரசிகிச்சை இல்லாமல் பெற்றார்கள். சீசர் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. குத்து நேரம் சராசரியாக 40 நிமிடமளவில் குறைந்தது. பிறந்து ஐந்து நிமிடத்தில் சோர்ந்து கிடந்த பிள்ளைகள் குறைவு. பிள்ளை பெற்ற அனுபவத்தைக் கசப்போடு நினைத்த தாய்மாரும் குறைவு. கெடுதி என்று எதுவும் தெரியவரவில்லை. ஒரு மாத்திரைக்கு இத்தனை பலன் இருந்தால் அடுத்த வருடமே எல்லா வாட்டு அலுமாரியிலும் அது இருக்கும்.

பிள்ளைப்பேற்றில் ஆதாரம் தேடும் பழக்கமே எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1979இல் ஆர்ச்சி கொக்ரேன் என்ற பிரித்தானிய மருத்துவர், மருத்துவத் துறைகளிலேயே சோதித்துப் பார்த்துக் காரியம் செய்வதில் கடைசி இடம் மகப்பேற்றுத் துறைக்குத்தான் என்று எழுதினார். போட்டியில் கடைசியாக வருபவருக்கு மரக்கரண்டி கொடுப்பது அவர்கள் ஊர் வழக்கம். அந்தக் கரண்டியை அவர் மகப்பேற்று வைத்தியர்களுக்குக் கொடுத்தார். அந்தச் சொல் சுட்டது. ஆனால் அதற்கு முன்பே ஒக்ஸ்போட்டில் இயன் சால்மர்ஸ் என்ற இளம் வைத்தியர் 1978இல் தொடங்கிய ஒரு நிலையத்தில், பிரசவம் பற்றி உலகில் எங்கெங்கோ நடந்து, எந்தெந்தச் சஞ்சிகையிலோ புதைந்து கிடந்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் பொறுக்கும் வேலை தொடங்கியிருந்தது. 1989இல் அவரும் கூட்டாளிகளும் அதை இரண்டு பெரிய தொகுதிகளாக்கினார்கள். அதற்கு எழுதிய முன்னுரையில் கொக்ரேன் தன் பழிச்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நூல் வெளிவருவதற்கு முந்தைய வருடமே அவர் இறந்துபோனார். அவர் பெயரில்தான் 1993இல் அந்த அமைப்பு உருவானது.

சால்மர்ஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அவர் 1969-70இல் காசாவில், பலஸ்தீன அகதிகளிடையே வேலை செய்தவர். சின்னமுத்து (தட்டம்மை) வந்த பிள்ளைகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து முன்கூட்டியே கொடுக்கக்கூடாது என்று மருத்துவக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் அப்படியே நடந்தார். கொடுத்தால் நல்லது என்று காட்டிய ஆய்வுகள் அப்போதே இருந்தன என்பதைப் பின்னால்தான் அறிந்தார். தன் கையில் இருந்த சில பிள்ளைகள் பிழைத்திருக்கலாம் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. தறப்பாள் கூடாரத்துக்குள் குனிந்து போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்தவள் நான். ஒரு தகவல் நேரத்துக்கு வந்து சேராததால் ஒரு பிள்ளை சாவது என்றால் என்ன என்று முகாம் கண்டவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

தகவல் எவ்வளவு பிந்தும் என்பதற்கு ஓர் உதாரணம். மாதம் பூர்த்தியாகாமல் குத்துத் தொடங்கிய தாய்க்கு ஸ்டிரொய்ட் ஊசி போட்டால் பிள்ளையின் சுவாசப்பை முதிர்ச்சி அடையும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் இதை 1972இல் காட்டினார்கள். அதன்பின் அடுத்தடுத்து ஆய்வுகள் வந்தும், அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கணக்கு 1989இல்தான் வெளியானது. அமெரிக்காவில் பொதுப் பரிந்துரை வர 1994 ஆனது. அந்த இடைவெளியில் மூச்சு விட ஏலாமல் போன குறைமாதப் பிள்ளைகளின் தொகையை எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. கொக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கிடைக்கோடுகள் அந்த ஆய்வுகளின் முடிவுகள்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அதே ஊசியை, ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில், குறைமாதம் என்று சந்தேகப்படும் எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்கச் செய்து பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவு வேறு மாதிரி இருந்தது. எதிர்பார்த்த சிறு குழந்தைகளிடையே இறப்புக் குறையவில்லை, மொத்தமாகப் பார்த்தால் சிசு இறப்புச் சற்றுக் கூடியது, தாய்மாருக்குக் கிருமித்தொற்றும் கூடியது. மாதக்கணக்கு சரியாகத் தெரியாத இடத்தில், பிறந்த பிள்ளையைப் பராமரிக்க வசதியில்லாத இடத்தில், நல்ல மருந்தும் பிழையாகிப் போகும். ஆகவே ஆதாரம் என்பது எங்கோ எழுதியதை எடுத்து இங்கே ஒட்டுகிற காரியம் கிடையாது. எந்த ஊர், எவ்வளவு தூரம், யார் கையில் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது. கிளினிக்கில் முதல் மூன்று மாதத்துக்குள் வாருங்கள், கடைசி மாதவிடாய்த் திகதியைச் சரியாகச் சொல்லுங்கள் என்று நாங்கள் கெஞ்சுவதன் காரணமும் இதுதான்.

தூரம் என்றதும் கிண்ணியாப் பாதை, அதாவது தண்ணீரைக் கடக்க ஆட்களை ஏற்றிப் போகும் மிதவை, நினைவுக்கு வருகிறது. 2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவிலிருந்து திருமலைப் பக்கம் வர அந்தப் பாதையில்தான் ஏறவேண்டும். மூதூருக்கு லோஞ்சு. இரத்தப்போக்கு வந்த தாய்க்கு நிமிடம்தான் கணக்கு, பாதையோ அக்கரையில் நிற்கும். இளங்கொடி (நச்சுக்கொடி) விழாமல், துணி மேல் துணியாக நனைத்துக்கொண்டு கிடந்த பெண்களின் கையைப் பிடித்தபடி கரையில் காத்திருந்த மருத்துவிச்சிகளை எனக்கு முந்திய தலைமுறை மிட்வைஃப்மார் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அதனால் இரத்தப்போக்கு விஷயத்தில் ஆய்வுகள் சொன்னதை நாங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டோம். பிள்ளை பிறந்த உடனே கருப்பையைச் சுருங்கவைக்கும் ஒக்சிடோசின் ஊசி. 2017இல் 21 நாடுகளில் 20,000க்கு மேற்பட்ட தாய்மாரில் செய்த ஆய்வு, இரத்தம் உறைந்து நிற்க உதவும் டிரனெக்சாமிக் அமிலத்தை மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று காட்டியது. 2002இல் 33 நாடுகளில் 10,000 பெண்களுக்கு மேல் பார்த்த ஆய்வில், பிரஷர் கூடி வலிப்பு வரும் அபாயம் மக்னீசியம் சல்பேற்றால் பாதிக்கு மேல் குறைந்தது. வலிப்பு வந்த ஒரு தாயையாவது கண்ணால் கண்டவர்களுக்கு அந்த எண்ணின் பெறுமதி தெரியும். 2023இல் வந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளை பிறந்ததும் தாய்க்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்ரிக் விரிப்பை வைத்து, போகும் இரத்தத்தைக் கண்மதிப்பில் விடாமல் அளந்து, அளவு தாண்டியதும் செய்யவேண்டியதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரேயடியாகச் செய்தார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளில் 80 வைத்தியசாலைகள். கடும் இரத்தப்போக்கு முதலிய மோசமான விளைவுகள் 60% குறைந்தன.

இலங்கை இந்த வழியில் நெடுந்தூரம் நடந்த நாடு. 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேல் தாய்மார் செத்த நாடு இது. இன்று அந்த எண் முப்பதுகளை ஒட்டி நிற்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, வீட்டுக்கு வீடு நடந்த மிட்வைஃப்மார், ஒவ்வொரு தாய் மரணத்தையும் மேசையில் வைத்து எங்கே பிழை நடந்தது என்று விசாரிக்கும் வழக்கம், எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம். இன்றைக்கு நூற்றுக்கு 99க்கு மேல் பிள்ளைகள் வைத்தியசாலையில் பிறக்கின்றன. இந்தச் சேவையில் நானும் ஒருத்தி என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அப்படியிருக்க, ஊசியாக வந்த ஆதாரத்தை இவ்வளவு விரைவாக ஏற்றுக்கொண்ட நாங்கள், ஒரு மனிசியாக வந்த ஆதாரத்தை ஏன் கேற்றடியில் நிறுத்தி வைத்திருக்கிறோம்? எனக்குத் தோன்றுவது இதுதான்: ஊசி வந்தால் வாட்டில் எதுவும் மாறவேண்டியதில்லை. அலுமாரியில் ஒரு தட்டுப் போதும். துணை வந்தால் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் திரை வேண்டும், ஒரு கதிரை வேண்டும், வாசலில் நிற்பவருக்குச் சொல்லி வைக்கவேண்டும். எல்லாவற்றையும் விட, நாங்கள் பேசுவதையும் செய்வதையும் வெளியாள் ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதற்கு நாங்கள் பழகவேண்டும்.

இதே மாதிரித் தேங்கி நின்றவை வேறும் உண்டு. மயிர் வழிப்பதும் எனிமா கொடுப்பதும் பிரசவத்துக்கு வருபவளுக்குச் செய்யும் முதல் மரியாதை போல நடந்த காலம் இருந்தது. இரண்டாலும் தொற்றுக் குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டி எத்தனையோ வருடம். தலைப்பிள்ளை என்றால் பிறப்பு வாசலை வெட்டித் தைப்பது கட்டாயம் என்று ஒரு தலைமுறை முழுக்க நம்பியது. 1993இல் ஆர்ஜென்ரீனாவில் 2,606 பெண்களைக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமாக வெட்டிய பக்கத்தில் 83% பேருக்கு வெட்டு, அவசியமானால் மட்டும் வெட்டிய பக்கத்தில் 30%. ஆழமான கிழிசல் இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். வெட்டு காக்கும் என்றுதானே வெட்டினோம்? அது காக்கவில்லை. அந்தத் தையலோடு நாற்பது நாள் சரிந்து இருந்து பால் கொடுத்த பெண்களை நான் வீடுவீடாகப் போய்ப் பார்த்தவள். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரத்தான் செய்யும்.

குத்து நேரத்தில் நடக்கவிடுவதும் அப்படித்தான். படுத்துக் கிடக்காமல் நிமிர்ந்தும் நடந்தும் இருந்தவர்களுக்கு முதற்கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்தது என்பது 5,000க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட 25 ஆய்வுகளின் கணக்கு. தண்ணீர், சாப்பாடு விஷயமும் இருக்கிறது. சிக்கல் இல்லாத பெண்கள் குத்து நேரத்தில் குடிப்பதாலும் சாப்பிடுவதாலும் கெடுதி எதுவும் காணப்படவில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருமலையில் ஓடு போட்ட வீட்டுக்குள்ளேயே இருக்க ஏலாது. அந்த வெக்கையில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் நாக்கு வரள ஒரு பெண்ணைக் கிடத்துவதற்கு, தக்க காரணம் இல்லாவிட்டால், எந்த நியாயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட 56 பரிந்துரைகளில் நடப்பதும் குடிப்பதும் இருக்கின்றன. விரும்பிய துணையும் இருக்கிறது. வயிற்றை மேலிருந்து அமுக்கிப் பிள்ளையைத் தள்ளவேண்டாம் என்பதும் இருக்கிறது.

பிள்ளையின் இதயத்துடிப்பைப் பெல்ட்டுக் கட்டி இடைவிடாமல் பதியும் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். 13 ஆய்வுகள், 37,000 பெண்கள். இடையிடையே காது வைத்துக் கேட்பதோடு ஒப்பிட்டால், பிறந்த பிள்ளைக்கு வலிப்பு வருவது பாதியானது. அது சிறிய விஷயம் கிடையாது. ஆனால் பிள்ளைகள் சாவதும் மூளைவாதமும் குறையவில்லை, சீசர் கூடியது. ஆபத்தான கர்ப்பங்களுக்கு அந்த மெஷின் வேண்டும் என்றே நானும் சொல்வேன். சுகமாக இருக்கும் ஒருத்திக்கும் பழக்கத்தில் அதைக் கட்டினால் அவளால் எழும்பி நடக்க ஏலாது. அதோடு எல்லோர் கண்ணும் கடதாசியில் போய்விடும், முகத்தைப் பார்க்க ஆள் இருக்காது.

மனிசியே மருந்தாக இருக்கும் இன்னொரு சான்று மிக அண்மையது. நிறை குறைந்து பிறந்த பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துத் தோலில் தோல் படக் கட்டி வைப்பதை 1978இல் கொலம்பியாவில் பொகொற்றா நகரில் தொடங்கினார்கள். இன்குபேற்றர் போதாத குறையில் பிறந்த வழி அது. பிள்ளை முதலில் இன்குபேற்றரில் தேறட்டும், பிறகு தாயிடம் கொடுப்போம் என்பதே எல்லோரும் பிடித்த நடைமுறை. 2021இல் ஐந்து நாடுகளில் 3,211 பிள்ளைகளைப் பார்த்தார்கள். தேறும் வரை காத்திராமல் பிறந்த உடனேயே தாயோடு சேர்த்தபோது இறப்பு 25% குறைந்தது. ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள், ஏனென்றால் மற்றப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காமல் வைத்திருப்பது பாவம் என்ற நிலை வந்துவிட்டது. இதைச் செய்ய என்ன வேண்டும்? பிள்ளைகளின் தீவிர சிகிச்சை அறைக்குள் தாய்க்கு ஒரு கட்டில். மறுபடியும் அதே இடம்தான்: பெண்ணை உள்ளே விடுவதா, வெளியே நிறுத்துவதா.

திருகோணமலையில் துணைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூன்று இனமும் வாழும் மாவட்டம் இது. கூனித்தீவிலிருந்து வந்து தமிழைத் தவிர வேறொன்றும் அறியாத ஒருத்தி, சிங்களம் மட்டும் பேசும் தாதியின் முன்னால் கிடப்பாள். அதே வாட்டில் சேருவிலவிலிருந்தோ கோமரங்கடவலவிலிருந்தோ வந்த சிங்களத் தாய், தமிழ் மிட்வைஃப் சொல்வது விளங்காமல் முழிப்பாள். "இப்ப முக்கு", "இப்ப முக்காத, மூச்ச விடு" என்ற இரண்டும் ஒரு மொழியில் ஒரு கணம் பிந்தி விளங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வேலை செய்பவர்களில் பலர் அரைகுறையாகவேனும் மற்ற மொழியில் நாலு சொல் பழகி வைத்திருப்பார்கள், கைச்சாடை காட்டுவார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சொல் விளங்காதவளுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும், சத்தம் அதட்டலாகத்தான் படும். சந்தைக்குப் போய்ச் சிங்களம் பழகிய ஒரு மாமியோ, மூதூரில் தமிழ் பழகிய ஒரு அக்காவோ தலைமாட்டில் இருந்தால் அது அதட்டலா அறிவுறுத்தலா என்பது விளங்கிவிடும்.

அவளை உள்ளே விடாவிட்டாலும் அவள் கொண்டுவந்தவை உள்ளே வரப் பார்க்கும். பத்திரகாளி அம்மன் கோயில் திருநீறு ஒரு கடதாசிச் சுருளில். போத்தலில் ஓதிய தண்ணீர். பிளாஸ்கில் கொத்தமல்லி அவித்த தண்ணீர். வாசலில் நிற்கும் காவலாளியிடம் கெஞ்சி, துடைக்கிற அக்காவிடம் கொடுத்து, ஒருமாதிரி உள்ளே அனுப்பிவிடுவார்கள். தங்களால் போக ஏலாத இடத்துக்குத் தங்கள் கையால் தொட்ட ஒன்றாவது போகட்டும் என்பதுதான் அந்தத் தவிப்பு.

மறுப்புகளை நான் அறிவேன், அவற்றில் நியாயமும் உண்டு. ஒரே அறையில் நாலு கட்டில், திரை இல்லை. உங்கள் துணை பக்கத்துக் கட்டில் பெண்ணையும் பார்ப்பாள். மறைப்பைப் பெரிதாக மதிக்கும் எங்கள் முஸ்லிம் தாய்மாருக்கு அடுத்தவளின் கணவன் அறைக்குள் வருவது கனவிலும் நடக்கக்கூடாத காரியம். சில துணைகள் தாயை விடக் கூடப் பதறுவார்கள், மயங்கி விழுவார்கள், "ஏன் இன்னும் டொக்டர் வரல்ல" என்று சண்டைக்கு வருவார்கள், போனில் படம் எடுப்பார்கள். ஆட்பற்றாக்குறையோடு ஓடித் திரிகிற தாதிக்கு இது இன்னொரு பாரம்.

ஆய்வும் எல்லாவற்றையும் இலகுவாக்கிச் சொல்லவில்லை. 2002இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 13 வைத்தியசாலைகளில் ஏறக்குறைய 7,000 பெண்களுக்குத் தாதிமாரையே விடாமல் பக்கத்தில் இருத்திப் பார்த்தார்கள். சீசர் குறையவில்லை. வாட்டின் வழக்கத்துக்குள் ஊறிய ஆள் பக்கத்தில் இருந்தாலும் வழக்கம்தான் வெல்கிறது போலும். தொகுப்பாய்விலும், சீசர் குறைவது மிகத் தெளிவாகத் தெரிந்தது வைத்தியசாலை ஊழியராகவும் இல்லாமல் உறவாகவும் இல்லாமல், இதற்கென்றே பழகிய ஒரு பெண் துணையிருந்தபோது. தாய் தானே தெரிந்தெடுத்த உறவு இருந்தபோது முன்னுக்கு நின்றது அவளுடைய திருப்தி. இதை வைத்து "அப்ப உறவுக்காரர் வந்து என்ன பிரயோசனம்" என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளை பெறும் பெண்ணின் திருப்தியைப் பிரயோசனம் இல்லாத ஒன்றாக எண்ணப் பழகியதே பெரிய குறை. கெடுதி இல்லை, தாய் விரும்புகிறாள், காசு செலவில்லை. ஒரு சிகிச்சைக்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

அந்த ஆய்வு எனக்கு வேறொன்றைச் சொல்லித் தருகிறது. வரும் மாமியைச் சும்மா வரவிடாமல் பழக்கி விடவேண்டும். எங்கள் ஊர்களில் தாய்மார் குழுக்கள் இருக்கின்றன, என்னைப் போல ஓய்வுபெற்ற மிட்வைஃப்மார் ஊருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஏழாம் மாதக் கிளினிக்கில் துணைக்கு வரப்போகிறவளையும் கூட்டிவரச் சொல்லி ஒரு மணித்தியாலம் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். நாரியை எந்த இடத்தில் அழுத்தித் தேய்ப்பது, எப்போது தண்ணீர் கொடுப்பது, எப்படி நடத்திக் கூட்டிப்போவது, டொக்டர் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, என்ன கண்டால் உடனே தாதியைக் கூப்பிடுவது. இரத்தம் கூடப் போவதை முதலில் காண்பது பல நேரம் பக்கத்தில் இருப்பவள்தான், நாலு கட்டிலுக்கு ஒருத்தியாக ஓடுகிற தாதிக்கு அவள் இன்னொரு கண். துணை பெண்ணாக, பிள்ளை பெற்றவளாக, ஒருத்தியாக இருந்தால் போதும். தனியறை வசதி உள்ள இடத்தில் கணவன் இருக்க விரும்பினால் அதைத் தாய் முடிவு செய்யட்டும்.

இந்த வருடம் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆறாம் ஏழாம் மாதத்திலேயே உங்கள் மிஸ்ஸிடம் துணை பற்றிப் பேசி வையுங்கள், கடைசி நேரத்தில் கேற்றடியில் நின்று சண்டை பிடிக்க வேண்டாம். யார் வருவது என்பதை மாமியாரும் அம்மாவும் தங்களுக்குள் தீர்மானிக்காமல் பெறப்போகிறவளிடம் கேளுங்கள், அவள் சிநேகிதியைச் சொன்னாலும் கோபிக்காதீர்கள். வருபவள் நகம் வெட்டி, சாப்பிட்டு, பருத்திச் சட்டையோடு வரட்டும், போனைக் கணவனிடம் கொடுத்துவிட்டு வரட்டும். வெட்டுவது ஏன், ஊசி என்னத்துக்கு, நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா என்று தாய் கேட்கலாம், கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அவளால் வாய் திறக்க முடியாத நேரத்தில் துணை பணிவாகக் கேட்கலாம்.

வாட்டுப் பொறுப்பில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். "இடமில்லை" என்று சொல்வதற்கு முன் எது இல்லை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். கதிரை இல்லையென்றால் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவிடம் கேட்கலாம், கேட்டால் தருகிற மனிதர் இந்த மாவட்டத்தில் நிறைய. திரை இல்லையென்றால் அளவைத் தாருங்கள். தையல் மெஷினோடு இருக்கும் பெண்கள் கிண்ணியாவிலும் சம்பூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். துணியை நாங்கள் வாங்குகிறோம், ஒரு கிழமையில் தைத்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிறோம்.